காப்பு கட்டிய கை

ஸ்பிரிட் விளக்கைக் கும்பிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட மனுஷி ஒருத்தியைத்தான் என் ஆயுளில் பார்த்திருக்கிறேன். அவள் எங்கள் வட்டாரத்தில் அம்மைத் தடுப்பூசி குத்துகிறவள். எர்ணாவூரிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் கடலோரக் குப்பங்களில் அவள் தலை தெரிந்தாலே போதும், குழந்தைகள் கட்டுமரத்துக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொள்ளும். சில சமயம் தாய்மார்களும் கூடவே ஒளிவார்கள்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம். நான் அதே வட்டாரத்தில் பிரசவம் பார்க்கும் நர்ஸ். ராயபுரத்தில் ஒரே வீட்டின் முன்பக்கம் நானும் பின்பக்கம் அவளும் குடியிருந்தோம். காலையில் ஒன்றாக ரயிலேறிப் போவோம், சாயங்காலம் சண்டை போட்டுக்கொண்டே திரும்புவோம். நான் சாமி கும்பிடாத வீட்டில் பிறந்தவள். எங்கள் அப்பா கோயில் வாசலைக் கடக்கும்போது பீடியைக்கூட அணைக்க மாட்டார். அவளுக்கோ எழுந்தால் ஆத்தா, உட்கார்ந்தால் ஆத்தா. நெற்றியில் பெரிய குங்குமம், கொண்டையில் ஒரு கொத்து வேப்பிலை. முகம் முழுக்க அம்மைத் தழும்பு. யாராவது அதை உற்றுப் பார்த்தால் அவளே முந்திக்கொள்வாள்.

“சின்னதுல ஆத்தா வந்து என்னக் கொஞ்சிட்டுப் போனா. கொஞ்சம் அயுத்திக் கொஞ்சிட்டா, அவ்ளோதான்.”

அவள் வேலை செய்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். பையிலிருந்து ஸ்பிரிட் விளக்கை எடுத்துக் கொளுத்துவாள். சுடரை இரண்டு கையாலும் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். பிறகு அம்மை குத்தும் ஊசியை அந்தச் சுடரில் நன்றாகக் காட்டுவாள். ஊசி சூடாக இருக்கும்போது குத்தினால் அம்மைப்பால் என்கிற அந்த மருந்து கெட்டுவிடும், அது ஆற வேண்டும். ஆறும் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஆத்தாவின் பெயர்களை வரிசையாக முணுமுணுப்பாள். பெயர்கள் முடியவும் ஊசி ஆறவும் சரியாக இருக்கும்.

“அக்கா, இது ஜபமா, கடிகாரமா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ரெண்டுந்தான். உனக்கு எது வோணுமோ அத்த எடுத்துக்கோ.”

குத்தி முடித்ததும் குழந்தையின் கையை விட மாட்டாள். மருந்து கையிலேயே காய வேண்டும், துடைத்துவிட்டால் அத்தனையும் வீண். காயும் வரைக்கும் அந்தச் சின்னக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஏதாவது கதை சொல்வாள். அழுது ஓய்ந்த குழந்தைகள் சில அந்த மடியிலேயே தூங்கிப் போனதுண்டு.

அவளுடைய கொள்கை என்று ஒன்று இருந்தது. அதை ரயிலில், தெருவில், மீன் வாங்குமிடத்தில் எங்கே கேட்டாலும் ஒரே மாதிரி சொல்வாள். “கும்புடறது கும்புடறது, குத்தறது குத்தறது. ஒண்ணுக்கு ஒண்ணு லீவு குடுக்காது.” கும்பிட்டாயிற்று என்று ஊசியை மறக்கிறவர்களையும் அவளுக்குப் பிடிக்காது. ஊசி போட்டாயிற்று என்று ஆத்தாவைக் கேலி பேசுகிறவர்களையும் பிடிக்காது. இரண்டாவது வகையில் முதல் ஆள் நான்தான் என்பதால் தினம் எனக்கு அர்ச்சனை நடக்கும்.

என் அண்ணன் ஒருமுறை வந்து அவளிடம் மாட்டிக்கொண்டான். அவன் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் கடைசல் வேலை பார்த்தான். சாயங்காலமானால் படிப்பகம், மேடைப் பேச்சு. எங்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்துகொண்டு, மாரியாத்தா என்று யாரும் கிடையாது, எல்லாம் கண்ணுக்குத் தெரியாத கிருமி, மக்கள் அறிவைப் பயன்படுத்த வேண்டும் என்று அவளுக்கு ஒரு கூட்டத்துக்கான பேச்சை முழுசாகப் பேசினான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். காப்பி போட்டுக் கொடுத்தாள். அவன் குடித்து முடித்ததும், “நல்லாப் பேசினே நைனா. நீ குத்திகினியா?” என்றாள்.

அண்ணன் தம்ளரைக் கீழே வைத்தான். குத்திக்கொண்டால் இரண்டு நாள் காய்ச்சல் வரும், பட்டறையில் ஆள் குறைவு, அடுத்த மாசம் பார்க்கலாம் என்று இழுத்தான்.

“கிருமிக்கும் இத்த சொல்லிட்டியா? அது அடுத்த மாசம் வரிக்கும் காத்துகினு இருக்குமா?” என்று சொல்லிக்கொண்டே அவன் சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டாள். விளக்கைக் கொளுத்தி, கும்பிட்டு, ஆத்தாவின் அத்தனை பெயர்களையும் என் அண்ணன் காதில் விழும்படி சொல்லிக் குத்தினாள். அவன் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். நான் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப் படுத்துவிட்டேன்.

சிரிப்பு மட்டுமே என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு வீட்டில் குழந்தைக்குக் குத்த விடவில்லை. அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த வாரம் போனபோது குழந்தை இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் நேராகச் சாமி மாடத்துக்கு முன்னால் போய் நின்றாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. “நான்தான் வர்றேன்னு சொன்னேன் இல்ல? அதுக்குள்ள உனக்கு இன்னா அவசரம்? ஒரு வாரம் பொறுக்க மாட்டியா நீ?” என்று கத்தினாள். பிறகு அழுதாள். சாமியே இல்லை என்று சொன்ன நாங்கள்கூட அந்தச் சாமியை அப்படித் திட்டியதில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல மாடத்தில் விளக்கேற்றிவிட்டு, வழக்கம்போலப் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்கு வந்தாள்.

எங்கள் மேலதிகாரி கெட்டிக்காரர். குப்பங்களில் ஆள் சேராததைப் பார்த்து அவர் அவளுக்கு ஒரு யோசனை சொன்னார். “ஆத்தா கனவில் வந்து எல்லாரையும் குத்திக்கச் சொன்னாள்னு நீங்க சொல்லிடுங்க. உங்களைப் பார்த்தா நம்புவாங்க. ஒரே நாளில் வேலை முடிஞ்சிடும்.”

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. “வராத கனவ வந்துச்சின்னு சொல்லணுமா? அவ பேர்ல பொய் சொல்லிட்டு அவ முன்னாடி எப்டி சார் வெளக்கு ஏத்துவேன்?” என்றாள். அதிகாரி விட்டுவிட்டார். நான் ரயிலில் வரும்போது, உன் வறட்டுப் பிடிவாதத்தால் எத்தனை குழந்தைக்கு ஆபத்து என்று சண்டை பிடித்தேன். அவள் ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

அந்த ஆடி மாதம் முகத்துவாரத்துப் பக்கம் ஒரு குப்பத்தில் ஒரு பெண்ணுக்கு முத்து போட்டுவிட்டது. பெரியம்மைதான், சந்தேகமில்லை. அந்தக் குப்பம் அதுவரை ஊசியை உள்ளே விட்டதே இல்லை. அங்கே ஊர்த் தலைவரான நாட்டார் வைத்ததுதான் சட்டம். ஆத்தா வந்திருக்கும் இடத்தில் ஊசியைக் கொண்டுவருவது, வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவது மாதிரி என்பது அவர் வாதம். இன்னும் சில நாளில் கோயிலில் கூழ் ஊற்றுகிற திருவிழா. கடலோரம் முழுக்க உறவுமுறைக்கு வெற்றிலை பாக்கு போயாகிவிட்டது. ஜனம் வந்து கூடி, கூழோடு அந்த நோயையும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகத் திரும்பிப் போகும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. முத்து போட்ட வீட்டுக்கு அடுத்த குடிசையில் என் பொறுப்பில் ஒரு தலைச்சன் பிள்ளைத்தாய்ச்சி, மாசம் நிறைந்து உட்கார்ந்திருந்தாள். வயிற்றுப் பிள்ளையோடு இருக்கிறவளுக்கு அந்த நோய் வந்தால் இரண்டு உயிரும் பிழைப்பது துர்லபம்.

அதிகாரி போலீசைக் கூப்பிடலாம் என்றார்.

“போலீசு வந்தா, அவங்க வர்றதுக்குள்ள எல்லாம் கட்டுமரத்துல ஏறிப் பூடுவாங்க சார். படுத்துகினு கீற பொண்ணையும் தூக்கிகினு போவாங்க. அப்பால அந்தந்தக் கரையில நம்ம தேடிகினு நிக்கணும்” என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்து, “நீ வா என்னோட” என்று கிளம்பினாள்.

நாட்டார் கோயிலுக்கு முன்னால் பந்தலுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் ஆத்தாவைக் கும்பிட்டாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

“காப்பு எப்ப நைனா கட்டறீங்க?”

“வர்ற ஞாயித்துக்கெயமை. அதானே வயக்கம்.”

“ஆத்தா எப்ப வருவா?”

“காப்பு கட்டுனா வருவா. இது இன்னா கேள்வி?”

“அப்ப அந்த வூட்ல வந்து படுத்துகினு கீறது யாரு?”

நாட்டார் கையிலிருந்த மூங்கிலைக் கீழே வைத்தார்.

“அவ வந்துட்டா நைனா. நீ என்னாடான்னா பந்தல் போட்டுகினு, ஊரு பூரா வெத்தில பாக்கு அனுப்பிகினு, அவ ஞாயித்துக்கெயமை வருவான்னு காத்துகினு கீறே. வந்தவளுக்கு ஒரு காப்பு கட்டல, ஊர அடைக்கல. இதுதான் அவளுக்கு நீ குடுக்கற மருவாதியா?”

காப்பு விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆத்தா திருவிழாவுக்கு முன்னால் மஞ்சள் துணியில் வேப்பிலை வைத்துக் கையில் காப்புக் கட்டுவார்கள். கட்டிவிட்டால், அவிழ்க்கும் வரை ஊரை விட்டுப் போகக் கூடாது, வெளியாள் உள்ளே தங்கக் கூடாது, மீன், கறி என்று கவிச்சி எதையும் வாயில் வைக்கக் கூடாது. கடலுக்குப் போகலாம், ஆனால் வேறு கரையில் இறங்கக் கூடாது. அந்தக் குப்பத்தில் இதை மீறியவர்கள் யாரும் இல்லை. எங்கள் இலாகா எத்தனை கையெழுத்துப் போட்டாலும் அப்படி ஓர் ஊரை அடைத்திருக்க முடியாது.

நாட்டார் கோயில் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “நீ சொல்றது ஞாயம். இன்னிக்கே கட்டிடறேன். வர்றவங்களுக்கும் வர வோணாம்னு சொல்லி வுட்டுடறேன். ஆனா ஊசி வோணாம்.”

“ஊசியும் உண்டு. உன்ன ஏமாத்த மாட்டேன், கேட்டுக்கோ. இப்பவே சில பேரு ஒடம்புக்குள்ள அது பூந்திருக்கும். அவங்களுக்குக் குத்தினாலும் முத்து போடலாம். போட்டா கொறவாப் போடும். மிச்ச பேருக்கு வராது. ஆத்தா கனவுல சொன்னான்னு சொல்ல மாட்டேன். இது மனுசங்க பாத்துப் பாத்துக் கண்டுபுட்ச்சது. நான் படிச்சிகினு வந்து செய்றேன்.”

“குத்திட்டு நீ ரயிலேறிப் பூடுவே. ஆத்தா கோச்சிகினா நாங்கதானே படணும்?”

அவள் வலது கையை அவர் முன்னால் நீட்டினாள். “எனக்கும் காப்பு கட்டு. அவுக்கற வரிக்கும் இங்கியே கீறேன். எது வந்தாலும் என் கண்ணெதிர்ல வரட்டும்.”

நான் அவளைத் தனியே இழுத்துக்கொண்டு போனேன். “பைத்தியமாக்கா உனக்கு? குத்தின குழந்தை ஒண்ணு செத்தாலும் உன்னாலதான்னு சொல்லுவாங்க. மூணு பக்கமும் தண்ணி, ஓடக்கூட வழி இல்ல.”

“ஓடறவளா இருந்தா கையை ஏம்மே நீட்டறேன்?” என்றாள்.

நீட்டிய கையைப் பார்த்து நாட்டார் ஊசிக்கும் இணங்கினார். பொழுது சாய்வதற்குள் காப்புக் கட்டியாகிவிட்டது. பூசாரி மணிக்கட்டில் காப்பைக் கட்ட, அதே கையின் மேல்பக்கத்தில் அவள் ஊசி போட்டாள். முதல் கை நாட்டாருடையது. இரண்டாவது என் பிள்ளைத்தாய்ச்சியுடையது. குப்பத்தின் நுழைவில் இரண்டு பனைமரத்துக்கு நடுவே வேப்பிலைக் கயிறு கட்டினார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்.

தினமும் ரயிலேறிப் போய் அந்தக் கயிற்றருகே நிற்பேன். அவள் ஈரமணலில் நடந்து வந்து சேதி சொல்வாள். ஒருநாள் அவள் கொண்டுவந்த சேதி நல்லதாக இல்லை. நாட்டாரின் பேரனுக்குக் காய்ச்சல், முகத்தில் முத்து. நாட்டார் அவளிடம் வந்து நின்று, “அன்னிக்கு ஒண்ணு சொன்னியே, அது இதானா?” என்று கேட்டாராம். “இதான் நைனா” என்று சொல்லியிருக்கிறாள். அவர் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாராம். அதிகாரி சொன்னபடி அவள் கனவுக் கதை விட்டிருந்தால் அன்றைக்கே அவள் கதை முடிந்திருக்கும். ரயிலில் நான் வறட்டுப் பிடிவாதம் என்று திட்டிய அந்தக் குணம்தான் அவள் உயிரைக் காப்பாற்றியது. பேரனுக்கு முத்து கொஞ்சமாகப் போட்டு இறங்கிவிட்டது. முதலில் படுத்த பெண்ணும் தழும்போடு எழுந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு காலையில் நான் போனபோது கயிற்றருகே நாட்டாரே நின்றுகொண்டிருந்தார். பிள்ளைத்தாய்ச்சிக்கு விடியற்காலையிலிருந்து வலி. பிள்ளையின் கால் முன்னால் வந்திருக்கிறது. குப்பத்து மருத்துவச்சிக்குக் கையாளத் தெரியவில்லை. உள்ளே வர வேண்டுமானால் எனக்குக் காப்புக் கட்ட வேண்டும், கட்டினால் அவிழ்க்கும் வரை தங்க வேண்டும்.

“கட்டுங்க, கட்டுங்க. நூல்தானே!” என்று கையை நீட்டினேன்.

நாட்டாருக்குப் பக்கத்தில் காப்போடு வந்து நின்றிருந்த அம்மை குத்தும் அக்கா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். “நூல்தானேன்னா உனக்குக் கட்ட மாட்டேன்” என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “அங்க ஒருத்தி உசுருக்குப் போராடறா! இப்பப் போய் என்னை நம்பச் சொல்றியா? பொய்யா நம்பிக் காட்டவா?”

“உன்னை யாரு நம்பச் சொன்னா? உன் கத்திரிக்கோல யாரும் பாக்கலன்னா கொதிக்க வெக்காம வுட்டுடுவியா?”

“மாட்டேன்.”

“ஏன்?”

“ஏன்னா... அது அப்படித்தான். வைக்கணும்.”

“அதே மாதிரி இத்தயும் வெச்சிப்பியா? யாரு பாத்தாலும் பாக்காட்டியும்?”

“வெச்சிப்பேன். சத்தியமா வெச்சிப்பேன். கட்டு!”

கட்டினாள். நான் ஓடினேன். தண்ணீர் கொதித்தது, கத்திரிக்கோல் கொதித்தது. அவள் பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆத்தாவின் பெயர்களைச் சொல்லிக்கொண்டேயிருந்தாள். வலி வரும்போது உரக்கவும், விடும்போது மெதுவாகவும் சொன்னாள். அந்தப் பெண் அதைப் பிடித்துக்கொண்டே மூச்சு விட்டாள். நான் அந்த மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தேன். பெண் குழந்தை. முதலில் அழவில்லை, பிறகு குப்பமே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதது. இருவரும் பிழைத்தார்கள்.

சொன்ன வாக்கை நானும் காப்பாற்றினேன். மீன் இல்லாமல் எனக்கு ஒரு வேளை சோறு இறங்காது. சுற்றிலும் மீன் உப்புப் போட்டுக் காய்கிறது, நான் கஞ்சி குடிக்கிறேன். அண்ணன் தூக்குவாளி நிறைய வஞ்சிரம் வறுத்து எடுத்துக்கொண்டு கயிற்றருகே வந்து, “நூல்தானே, கழட்டிப் போட்டுட்டு வா” என்றான். மணம் மூக்கைத் துளைத்தது. அவனைத் திருப்பி அனுப்பிவிட்டேன். எனக்கு அன்றைக்கும் ஆத்தா மேல் நம்பிக்கை கிடையாது, இன்றைக்கும் கிடையாது. ஆனால் அந்தக் காப்பை நான் ஏமாற்றவில்லை. அதில் எனக்கு இன்றுவரை கர்வம்தான்.

கடைசி முத்தும் உதிர்ந்து, காப்பு அவிழ்க்கிற அன்று அதிகாரி வந்தார். “பலே! மூடநம்பிக்கையை வெச்சே காரியத்தைச் சாதிச்சுட்டீங்க. நல்ல தந்திரம்” என்று அவளைப் பாராட்டினார். அவள் வாய் திறப்பதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன். “தந்திரம் இல்ல சார். அக்கா நிஜமாத்தான் கட்டிக்கிட்டாங்க.” அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது.

எல்லாரும் காப்பை அவிழ்த்துக் கடலில் விட்டார்கள். அவள் மட்டும் கரையில் உட்கார்ந்து, பிறந்த குழந்தைக்கு ஊசி போட்டுவிட்டு, மருந்து காயட்டும் என்று அந்தப் பிஞ்சுக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைச் சீண்டாமல் இருக்க முடியவில்லை.

“ஏன்க்கா, இப்படியே எல்லாருக்கும் குத்தி முடிச்சு, ஒருநாள் அம்மையே இல்லாமப் பூட்டா, அப்ப உன் ஆத்தாவுக்கு இங்க இன்னா வேலை?”

இந்தக் கேள்வியை அவள் எனக்கு முன்பே தனக்குள் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

“வேலை இல்லாம சும்மா வருவா. கூழு குடிச்சிட்டு ஒக்காந்திருப்பா. கொயந்தைங்க பயப்படாம அவளப் பாக்கும். பாவம், அவளுக்கு மட்டும் ஆசை இருக்காதா?”

இப்போது அந்த நோய் உலகத்திலேயே இல்லை. அவளும் இல்லை. ஆடியில் அந்தக் குப்பத்தில் காப்பு அவிழ்த்துக் கூழ் ஊற்றும்போது எனக்கு ஆள் அனுப்புகிறார்கள், நானும் போகிறேன். போன வருஷம் கோயில் வாசலில் அலங்கரித்து உட்கார வைத்திருந்த ஆத்தாவின் மடிவரைக்கும் குழந்தைகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஒரு முகத்திலும் தழும்பு இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் அழுதது. கூழுக்குக் கொடுத்த கருவாட்டை அதன் அண்ணன்காரன் பிடுங்கித் தின்றுவிட்டான்.